பூமிக்குள் தண்ணீரை அழுத்தினால் ஊர் ஆடுமா? ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துப் பயன்படுத்தும் புவிவெப்பத் திட்டங்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது. கைவிட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்தும் வெப்பம் எடுக்கலாம் என்ற பேச்சு அதிலும் இருக்கிறது. நம் மாவட்டத்திலோ வழுதூர் மின்நிலையம் ஓடுவதே இந்த மண்ணின் எரிவாயுவில்தான். பிறகு ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? தேவிபட்டினத்தில் டீ குடிக்கப் போனாலும் சரி, கீழக்கரையில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாறைக்குள் எழும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பதிவுசெய்து பிரித்துப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். இதை எழுதும்போது நம் கடற்கரையில் புவிவெப்பத் திட்டம் எதுவும் ஓடவில்லை. வந்தால் என்ன கேட்பது என்பதற்குத்தான் இது.

எரிமலை இல்லை, வெந்நீர் ஊற்று இல்லை. நம் ஊரில் என்ன சூடு?

எங்கே தோண்டினாலும் சூடு உண்டு. பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். மேலே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 3 கிலோமீட்டர் ஆழத்தில் 105 முதல் 120 டிகிரி. லடாக்கின் பூகாவில் சில நூறு மீட்டரிலேயே இந்தச் சூடு கிடைத்துவிடும், நமக்கு ஆழம் போக வேண்டும்.

இந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாம், ஆனால் பெரிதாக வராது. என்னைக் கேட்டால், கமுதியில் அவ்வளவு பெரிய சூரிய மின்நிலையத்தை வைத்துக்கொண்டு, பூமிக்குள் கையை விட்டு மின்சாரம் தேடுவது வீண். ஐஸ் பிளான்ட், கடல்நீரைக் குடிநீராக்குவது, கருவாடு காயவைப்பது என்று சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதுதான் இங்கே பொருந்தும். சூட்டை வைத்து எப்படி ஐஸ் என்று கேட்காதீர்கள், அம்மோனியாவை வைத்துச் செய்யும் பழைய தொழில்நுட்பம்தான் அது.

சூடு எடுப்பதற்கும் நிலம் ஆடுவதற்கும் என்ன சம்பந்தம்?

சூட்டை மேலே கொண்டுவருவது தண்ணீர்தான். ஒரு கிணற்றில் குளிர்ந்த நீரை உள்ளே விட்டு, பாறையில் ஓடவைத்து, இன்னொரு கிணற்றில் வெந்நீராக எடுப்பார்கள். பாறையில் போதுமான துளையோ விரிசலோ இல்லாவிட்டால், தண்ணீரைப் பலமாக அழுத்தி இருக்கிற விரிசல்களைத் திறப்பார்கள். வம்பு அங்கேதான் தொடங்கும்.

கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் தள்ளினாலும் மணலில் அசையாது. ஒரு அலை வந்து அடியில் புகுந்ததும் அதே எட்டுப் பேர் ஒரு தள்ளுத் தள்ளினால் வழுக்கிப் போகும். வள்ளத்தின் எடை குறையவில்லை. அடியில் புகுந்த தண்ணீர் மேல்நோக்கித் தாங்கியதால், மணலை அது அழுத்துவது குறைந்துவிட்டது. பூமிக்குள் இருக்கும் பாறைப் பிளவும் இப்படித்தான். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு, உராய்வினால் நகராமல் நிற்கும். தள்ளும் விசை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, லட்சக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்தது. தண்ணீர் உள்ளே போய் அழுத்தத்தைக் கூட்டினால் பிடி தளர்ந்து வழுக்கும். அந்த வழுக்கல்தான் நிலநடுக்கம்.

ஆக, தண்ணீர் நிலநடுக்கத்தை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மை. காத்துக்கொண்டிருந்ததை அது அவிழ்த்துவிடுகிறது. எது எவ்வளவு தூரம் காத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தோண்டும் முன் யாராலும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. கண்காணிப்பு என்று ஒன்று வேண்டியிருப்பதே இதனால்தான்.

இதெல்லாம் நிஜமாகவே எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு, ஆனால் புவிவெப்பத்தில் அல்ல. மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் தண்ணீர் தேக்கிய சில வருடங்களில், 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் பூமி ஆடியது. அணை நீரின் ஏற்ற இறக்கத்தோடு இன்றுவரை அங்கே சிறு அதிர்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதைப் பிடித்துப் பார்க்கவே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள்.

கிணற்றில் திரவம் விட்டதால் வந்தது என்றால் அமெரிக்காவின் டென்வரைச் சொல்ல வேண்டும். ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரை 1962 முதல் 1966 வரை சுமார் 3.7 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் இறக்கினார்கள். அதிர்வுகள் தொடங்கின. ஊர்க்காரர்கள் சத்தம் போட, நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு, 1967இல்தான் ஏறக்குறைய 5 அளவிலான பெரியவை வந்தன. அதே கொலராடோ மாநிலத்தில் ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயலில், 1969 முதல் வேண்டுமென்றே அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கூட்டினால் அதிர்வு, குறைத்தால் அமைதி. குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி.

புவிவெப்பத்தில் இரண்டு பெயர்கள் போதும். ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல். ஊருக்குள்ளேயே 5 கிலோமீட்டர் ஆழக் கிணறு. 2006 டிசம்பரில் ஆறு நாளில் சுமார் 11,500 கன மீட்டர் தண்ணீரை அழுத்தினார்கள். 3.4 அளவில் ஓர் அதிர்வு. யாரும் சாகவில்லை, சுவர்களில் கீறல், கோடிக்கணக்கில் இழப்பீடு, திட்டத்துக்கு மூடுவிழா. 1356இல் அந்த ஊரையே ஒரு நிலநடுக்கம் தரைமட்டமாக்கியிருக்கிறது என்பது தெரிந்தும் ஊருக்குள் கிணறு போட்டதுதான் எனக்கு இன்னும் புரியாதது.

இன்னொன்று தென்கொரியாவின் போஹாங், நம்மைப் போலக் கடற்கரை ஊர். 2017 நவம்பர் 15 அன்று அங்கே 5.5. மறுநாள் நடக்கவிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வை நாடு முழுக்க ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். புவிவெப்பக் கிணறுதான் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019 மார்ச்சில் சொன்னது. என்னைத் தூங்கவிடாதது அந்த 5.5 அல்ல. ஏழு மாதம் முன்பே, 2017 ஏப்ரலில், அதே இடத்தில் 3.2 அளவில் ஒன்று வந்திருந்தது. கருவிகள் அதைப் பதிவுசெய்தன. அதிர்வுகளின் இடங்களைக் கவனமாகக் கோத்துப் பார்த்திருந்தால், அவை ஒரே தளத்தில், பலகை மாதிரி வரிசையாக நிற்பது தெரிந்திருக்கும். பெரிய பிளவு ஒன்று விழித்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகும் தண்ணீர் விட்டார்கள்.

விட்ட தண்ணீரின் அளவை வைத்து அதிகபட்சம் எவ்வளவு பெரிய அதிர்வு வரலாம் என்று ஒரு கணக்கு அப்போது பழக்கத்தில் இருந்தது. அதன்படி 10,000 கன மீட்டருக்கு 3.6 தாண்டக் கூடாது. போஹாங்கில் விட்டதும் ஏறத்தாழ அவ்வளவுதான். வந்தது 5.5. அந்தக் கணக்கை நம்பித் தூங்கலாம் என்று இனி யாராவது சொன்னால் எழுந்து கேள்வி கேளுங்கள்.

அப்போ நல்லபடியாக முடிந்தது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. பின்லாந்தில் ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் ஒட்டானியெமி. 2018இல் 6.1 கிலோமீட்டர் ஆழத்தில், 49 நாளில், சுமார் 18,000 கன மீட்டர் தண்ணீர். பாசலைவிட அதிகம். 2.1 அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் கோடு போட்டிருந்தார்கள். மிகப் பெரியது 1.9இல் நின்றது. ஆழ்துளைகளுக்குள் கருவிகளை இறக்கி, அதிர்வுகளை நிமிடக் கணக்கில் கணக்கிட்டு, கூடுகிறது என்றால் பம்பைக் குறைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி தொடங்கினார்கள். பாறையும் ஒத்துழைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பாரிஸைச் சுற்றி 1969 முதல் இரட்டைக் கிணறுகளில் வெந்நீர் எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். ஒன்றில் எடுப்பதை மற்றொன்றில் திருப்பி விடுகிறார்கள். துளையுள்ள சுண்ணாம்புப் பாறை என்பதால் பலமாக அழுத்த வேண்டியதில்லை. பேப்பரில் வருகிற மாதிரி அங்கே எதுவும் நடப்பதில்லை.

ரிக்டர் 1, 2 எல்லாம் நமக்குத் தெரியுமா?

பொதுவாகத் தெரியாது. கிணற்றுக்கு மேலேயே அமைதியான ராத்திரியில் படுத்திருந்தால் 2 அளவை ‘டம்’ என்று ஒரு சத்தமாக உணரலாம். ஒரு எண் கூடினால் ஆட்டம் பத்து மடங்கு, வெளிவரும் சக்தி சுமார் 32 மடங்கு. 2க்கும் 4க்கும் நடுவே சக்தியில் ஆயிரம் மடங்கு இருக்கிறது, ‘ரெண்டு பாயின்ட்தானே’ என்று விடக் கூடாது.

மூன்று கிலோமீட்டர் கீழே நடப்பது மேலே இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்?

ஜியோபோன் என்று ஒரு கருவி. கைக்குள் அடங்கும், அடியில் ஆணி. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். நிலம் அசைந்தால் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கும். நம் பக்கத்து மணலில் அதை அப்படியே குத்தினால் வேலைக்காகாது. காய்ந்த மணல் அதிர்வைக் குடித்துவிடும். ஒரு முழம் தோண்டி, ஈரமண் வந்ததும் ஆணியை வைத்துக் காலால் மிதித்து இறக்கி, மேலே மண்ணை மூடி, காற்று படாமல் கல்லை வைக்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளுக்குள் முழங்கால் போட்டு இதை நாற்பது இடத்தில் செய்த பிறகு, ஆடு வந்து கேபிளைக் கடித்த கதைகளும் உண்டு.

பதிவில் என்ன வரும்? பாறை வழுக்கியதும் இரண்டு அலை கிளம்பும். முதல் அலை கெட்டிப் பாறையில் நொடிக்கு 6 கிலோமீட்டர், இரண்டாவது 3.5 கிலோமீட்டர் போல ஓடும். இரண்டும் வந்து சேரும் இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம். 0.6 நொடி இடைவெளி என்றால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணுவோமே, அதே வித்தை. நாலைந்து கருவிகளின் தூரத்தை ஒன்றோடொன்று வெட்டினால் இடம் கிடைக்கும்.

இங்கே பெரிய தலைவலி சத்தம். ஒரு தடவை கடற்கரையில் எடுத்த பதிவை விரித்துப் பார்க்கிறேன், 24 என்ற அதிர்வெண்ணில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு, இரவு முழுக்க. பூமிக்குள் எதுவும் இவ்வளவு ஒழுங்காக ஆடாது. நேரில் போய்ப் பார்த்தால் அரை கிலோமீட்டர் தள்ளி இறால் பண்ணை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, நொடிக்கு 24. கரண்ட் போனபோது கோடு அறுந்து, ஜெனரேட்டர் போட்டதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியிருந்தது. கடல் அலையின் இரைச்சலும் பதிவில் வரும். ஆனால் அது நொடிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்குவது. நமக்கு வேண்டிய சிறு அதிர்வு நொடிக்குப் பத்து, நூறு தடவை துடிப்பது. அதனால் கடலைப் பிரித்துவிடலாம். மோட்டாரும் லாரியும்தான் சிக்கல்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். கருவியை மணலுக்கும் களிமண்ணுக்கும் கீழே, தனித் துளை போட்டு இறக்க வேண்டும். இப்போது கிணற்றுச் சுவரோடு ஃபைபர் கேபிளை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அதில் லேசர் ஒளியை விட்டு, திரும்பி வரும் ஒளியின் மாறுதலைப் படித்தால், கேபிளின் ஒவ்வொரு சில மீட்டரும் ஒரு காது. திட்டக்காரர்கள் ‘மேலேயே நாலு கருவி வைத்திருக்கிறோம்’ என்றால், இந்த மண்ணில் அது போதாது என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்?

நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கடலுக்குள் போய்ப் பார்த்தா சொல்கிறோம்? வலை சாய்வதை வைத்துத்தானே. இதிலும் அடையாளங்கள்தான்.

அதிர்வுகளே முதல் அடையாளம். தண்ணீரின் அழுத்தம் பரவப் பரவ, வழுக்கும் இடங்களும் கிணற்றிலிருந்து தள்ளிப் போகும். ஒரு நாளில் 230 மீட்டர் பரவியது என்றால் நாலு நாளில் 460 மீட்டர் போகும். நேரம் நாலு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கு. இந்த வேகத்தில் வந்தால் பாறைக்குள் நீர் மெல்லக் கசிகிறது என்று புரிந்துகொள்ளலாம். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பாய்ந்து போனால், திறந்த வழி ஒன்று அகப்பட்டிருக்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம், பெரிய பிளவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சாயம். கண்மாய் மடையில் நீலம் கரைத்துவிட்டு எந்த வாய்க்காலில் வருகிறது என்று பார்ப்பது போல, சூட்டில் சிதையாத வேதிப்பொருளைச் சிறிதளவு ஒரு கிணற்றில் விட்டு, மற்ற கிணற்று நீரில் எப்போது எவ்வளவு வருகிறது என்று சோதிப்பார்கள். சீக்கிரம், மொத்தமாக வந்தால் சந்தோஷப்படக் கூடாது. குறுக்குவழியில் ஓடுகிறது, சூட்டை வாங்காமல் வருகிறது என்று அர்த்தம். சில வருடத்தில் கிணறு ஆறிப்போகும். தாமதமாக, பரவலாக வந்தால்தான் பாறை முழுக்கச் சுற்றி வருகிறது.

கிணற்றுத் தலையில் அழுத்தமானி, உள்ளே ஆழவாரியாக வெப்பநிலை, இவை தினசரி வேலை. வானத்திலிருந்து ரேடார் செயற்கைக்கோள் நிலம் மில்லிமீட்டர் கணக்கில் உப்புவதையும் தாழ்வதையும் காட்டும். புதர் மூடிய நிலத்தில் பழைய ரேடார் படங்கள் குழம்பிவிடும், நம் சீமைக்கருவேலம் அந்த வகையில் பெரிய தொல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் செயற்கைக்கோள் நீண்ட அலையில் பார்ப்பதால், புதரைத் தாண்டி நிலத்தைப் படிக்க அதற்கு வாய்ப்பு அதிகம்.

ஏதாவது ஆனால் பம்பை நிறுத்திவிட்டால் போதாதா?

போதாது. பாசலில் அதிர்வு கூடுவதைப் பார்த்துக் காலையிலேயே பம்பை நிறுத்தினார்கள். 3.4 வந்தது சுமார் ஐந்து மணி நேரம் கழித்து. உள்ளே போன அழுத்தம், பம்பு நின்ற பிறகும் பரவிக்கொண்டுதான் இருக்கும். டென்வரில் அது ஒரு வருடத்துக்கும் மேல் பரவியது.

சாலை சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அளவு வைத்து நடத்துவது வழக்கம். பச்சையில் ஓட்டலாம், மஞ்சளில் குறைக்க வேண்டும், சிவப்பில் நிறுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் வெளியே விட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் சிவப்பை 3இல் வைத்தால், நிறுத்திய பிறகு வருவது 4 ஆகலாம். அதனால் சிவப்புக் கோடு, நாம் பயப்படும் அளவுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். ஒட்டானியெமியில் 2.1 என்று வைத்ததன் காரணம் அதுதான்.

பழைய எரிவாயுக் கிணறு தயாராக இருக்கும்போது புதிதாகத் தோண்டுவானேன்?

செலவு மிச்சம், உண்மைதான். கூடுதலாக ஒரு நல்ல விஷயமும் உண்டு. நம் கடற்கரைக்கு அடியில் காவிரிப் படுகையின் தென்பகுதி வண்டல் பாறை. மணற்கல்லில் இயற்கையாகவே துளை இருப்பதால் குறைந்த அழுத்தத்தில் நீரை ஓட்டலாம், எடுப்பதும் விடுவதும் சமமாக இருந்தால் மொத்த அழுத்தம் ஏறாது.

ஆனால் வண்டலுக்குக் கீழே கெட்டிப் பாறைத் தரை இருக்கிறது, பெரிய பிளவுகள் அதில்தான். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் எண்ணெயோடு வந்த உப்புநீரை அந்தத் தரையை ஒட்டிய அடுக்கில் வருடக்கணக்கில் இறக்கினார்கள். 2016இல் பாவ்னீயில் 5.8 வரை போனது. அதனால் கேட்க வேண்டியது, கிணறு தரைப் பாறையைத் தொடுகிறதா, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை. அப்புறம் பழைய குழாய், பழைய சிமென்ட். இத்தனை வருடம் உப்பில் கிடந்ததைச் சோதிக்காமல் அழுத்தம் கொடுக்கக் கூடாது.

இதுவும் ஹைட்ரோகார்பன் திட்டம் மாதிரிதானே?

தோண்டும் ரிக் ஒன்றுதான், அதனால் சந்தேகம் நியாயம். எரிவாயுவில் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போவார்கள். இதில் தண்ணீர் சுற்றி வர வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுக்கும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுக்கு, நம் மாவட்டம் அதில் இல்லை.

ஊருணித் தண்ணீர் உப்பாகிவிடுமோ?

இந்தப் பயத்தை நான் அதிர்வைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஆழத்து நீர் உப்பு, சூடு. கிணற்றுக் குழாய்க்கு வெளியே போட்ட சிமென்ட் விட்டுப்போனால் அது மேலே ஏறும். ஜெர்மனியில் ஸ்டாஃபன் என்ற சின்ன ஊரில் 2007இல் நகர்மன்றக் கட்டடத்துக்கு 140 மீட்டர் ஆழத்தில் வெப்பக் குழாய் போட்டார்கள். கீழிருந்த நீர் மேலே ஏறி ஒரு கனிம அடுக்கை நனைக்க, அது ஜிப்சமாக மாறி ஊதிவிட்டது. ஊரே கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி 250க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல். நிலநடுக்கம் எதுவும் இல்லை. அடைப்பு சரியில்லாததுதான் கோளாறு.

கிணற்றைச் சுற்றிக் குடிநீர் ஆழத்தில் சில சோதனைத் துளைகள், மாதம் ஒரு முறை உப்பளவு. டி.டி.எஸ். மீட்டர் நம்மிடமே இருக்கிறது. திட்டம் வரும் முன் ஒரு வருடக் கணக்கு எழுதிவையுங்கள். கோடையில் நம் தண்ணீர் தானாகவே உப்பேறும், அந்தக் கணக்கு இல்லாவிட்டால் யார் மேல் குற்றம் என்று சண்டைதான் மிஞ்சும்.

சுனாமி வருமா?

இதனால் வராது. 2004இல் சுமத்ராவில் ஆடியது 9.1. நாம் பேசுவது அதற்குப் பக்கத்திலேயே வராத அளவு.

நம் பகுதி நிலநடுக்கம் இல்லாத இடம்தானே?

குறைந்த ஆபத்துள்ள 2ஆம் மண்டலம் என்று 2016ஆம் ஆண்டுக் கட்டட விதியில் போட்டிருக்கிறார்கள். குறைவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் ஆடியதைப் பலர் மறந்துவிட்டார்கள். போஹாங்கும் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பெயர்போன ஊர் அல்ல.

ஊராட்சிக் கூட்டத்தில் என்ன கேட்க?

முதல் கேள்வி, கருவியை எப்போது வைப்பீர்கள் என்பது. தோண்டிய பிறகு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் முன்பே வைத்தால்தான் இயற்கையாக வருவது எது, கிணற்றால் வருவது எது என்று பிரிக்க முடியும். அதே நேரத்தில் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து ஊராட்சியில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். உப்புக் காற்றில் வெடித்த சுவர் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, பிறகு அதையும் இதையும் கலப்பார்கள்.

இரண்டாவது, பதிவு எங்கே போகும் என்பது. கம்பெனியின் கணினிக்கு மட்டும் போனால் போஹாங் மாதிரிதான், ஏப்ரலில் தெரிந்தது நவம்பரில்தான் ஊருக்குத் தெரியும். பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் தேசிய நிலநடுக்க மையத்துக்கும் அதே நேரத்தில் போக வேண்டும்.

மூன்றாவது, வால்வில் கை வைக்கப் போவது யார் என்பது. ராத்திரி இரண்டு மணிக்குச் சிவப்பு விழுந்தால், மேலிடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் போனை எடுப்பாரா, அல்லது ஷிஃப்டில் இருக்கும் பையனே மூடலாம் என்று எழுத்தில் அதிகாரம் இருக்கிறதா? அந்தக் காகிதத்தையும், ஷிஃப்டில் இருப்பவரின் போன் நம்பரையும் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை ராத்திரியில் கூப்பிட்டு, எடுக்கிறாரா என்றும் பாருங்கள்.